இருபத்திரண்டு பைகள்

காலை ஆறு மணிக்குக் கரண்ட் போனதும் நான் செய்த முதல் வேலை ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கியதுதான். தொழில் பழக்கம். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குக் கரண்ட் போவதைவிட அது திரும்பி வருவதில்தான் பயம். எகிறிக்கொண்டு வந்து கம்ப்ரசரைக் காவு வாங்கிவிடும். வந்து கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் சொருக வேண்டும். இதை வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் நானே நாலு பழைய ஃப்ரிட்ஜைப் பிரித்துச் சேர்த்தது. அதை நான் தவிர யாரும் தொடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

எட்டு மணிக்கு ஒரு ஹோட்டலில் இருந்து அவசரம் என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன். ஒன்பது மணிக்கு வீட்டில் கரண்ட் வந்திருக்கிறது. நான் திரும்பியபோது சாயங்காலம் ஐந்து. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜில் மட்டும் சத்தமில்லை. பிளக் அதன் தலைமேல் படுத்திருந்தது.

ஃப்ரீசரில் இருபத்திரண்டு பை தாய்ப்பால். என் மனைவி பஸ் கண்டக்டர். பிரசவ விடுப்பு முடிந்து மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் பிள்ளை என் பொறுப்பு. டப்பாப் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை கொடுத்துவிட்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். அதனால்தான் ஒரு மாதமாக மனைவி தூக்கத்தைத் தொலைத்து, பம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்திருந்தாள். ஒவ்வொரு பையிலும் தேதி எழுதியிருந்தாள்.

கதவைத் திறந்தேன். எல்லாம் உருகித் தளதளவென்று ஆடின. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "நீங்க சொருகிட்டுதான் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஒரு பையைப் பிரித்து முகர்ந்தாள். பிள்ளையை என்னிடம் நீட்டிவிட்டுச் சிங்க் பக்கம் போனாள்.

"குடு, நான் ஊத்துறேன்" என்றேன்.

"வேணாம். நான் எடுத்தது. நானே ஊத்திடுறேன்."

இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாக ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள். குழாயைத் திறந்துவிடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

விடிவதற்குள் அவளால் ஒரே ஒரு பைதான் எடுக்க முடிந்தது. பிள்ளை அதை ஒன்பது மணிக்கே காலி செய்துவிட்டாள். பதினொன்றே முக்காலுக்கு மனைவியின் பஸ் எங்கள் ஸ்டாண்டுக்கு வந்து பத்து நிமிடம் நிற்கும். அதுவரை அழுத பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தேன், பாடினேன், ஒரு கட்டத்தில் மன்னிப்பும் கேட்டேன். ஸ்டாண்டில் என்னைப் பார்த்துப் பாவப்பட்ட பெண்கள், "அம்மா எங்கேப்பா?" என்று கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

பஸ் வந்தது. படியில் நின்றிருந்தவள் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்தாள். சீருடையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து கறுத்திருந்தது. டிக்கெட் பையை மார்போடு அணைத்து அதை மறைத்திருந்தாள். பையை என் கழுத்தில் மாட்டிவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை சட்டென்று நின்றது.

பத்து நிமிடம் ஆயிற்று. துண்டுக்கு அடியில் இரண்டு குட்டிப் பாதங்கள் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன. பின்னால் யாரோ, "எப்பய்யா எடுப்பீங்க?" என்று குரல் கொடுத்தார்.

அவள் துண்டை விலக்கப் போனாள். "அண்ணே, கிளம்பலாம்" என்றாள்.

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இரும்மா, டயர்ல காத்து கம்மியா இருக்குற மாதிரி தெரியுது" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு டயராக நின்று உதைத்துப் பார்த்தார். மொத்தம் ஆறு டயர்தான். அவர் மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருந்தார்.