மொறட்டுவைக்கு மேலே ஒலுவில்

பயப்படுவதற்கென்று ஒரு பட்டப்படிப்பு இருந்தால் மார்கிறட் அதில் முதல் வகுப்பில் தேறியிருப்பாள். மகள் ஜூலி உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் நல்ல இசட் புள்ளி எடுத்திருக்கிறாள் என்று அமிர்தகழி ஊரே வாழ்த்தியபோது, பெற்ற வயிறு மட்டும் பயந்தது. பொறியியல் கிடைப்பது நிச்சயம். எந்தப் பல்கலைக்கழகத்தில் என்பதுதான் கேள்வி.

ஜூலி பல நாட்களாகப் பல்கலைக்கழகங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கே ஆய்வுகூடம் பெரிது, எங்கே விரிவுரையாளர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள், படித்து வெளியேறியவர்களுக்கு எங்கே வேலை கிடைத்தது என்று தோண்டித் தோண்டிப் பார்த்தாள். மொறட்டுவை, பேராதனை, ஒலுவில் என்று மூன்று மிஞ்சின. பாலம் கட்டப் படிக்க வேண்டும், அதுவும் மொறட்டுவையில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தையல் மெஷினில் இருந்தபடியே மார்கிறட்டும் அதே மூன்றை ஒப்பிட்டாள். கொழும்பையும் தாண்டி மொறட்டுவைக்கு ஓர் இரவுப் பயணம், தெரியாத ஊர்கள், வழியில் யார் மறிப்பார்களோ தெரியாது. ஒலுவிலென்றால் கல்முனை பஸ் ஏறி அங்கே மாறினால் போதும். ஆய்வுகூடமாவது, ஆராய்ச்சியாவது!

அந்தப் பயத்தைச் சும்மா சொல்லக்கூடாது, அதற்குக் காரணம் இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது அண்ணன் பிறின்ஸ் கொழும்புக்குக் கம்பஸ் படிக்கப் பஸ் ஏறினான். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் அவனை இறக்கினார்கள். பெட்டி மட்டும் கொழும்புக்குப் போனது. இப்போது சாவடியும் இல்லை, சண்டையும் இல்லை என்று மார்கிறட்டின் புத்திக்குத் தெரியும். வயிற்றுக்கு அதை யார் விளங்கப்படுத்துவது?

அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உலாவியது. விண்ணப்பத்தில் பெரிய பல்கலைக்கழகத்தை முதலாவதாகப் போட்டு, அது தவறிவிட்டால், இரண்டாவதாகப் போட்டதும் கைவிட்டுப் போகுமாம். பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை அடித்துச் சொன்னாள்.

"அரசன நம்பிப் புருசனக் கைவிட்ட கதையாப் போயிரும்கா, பாத்துக்க."

ஜூலியின் புள்ளி மொறட்டுவைக்கு விளிம்பில்தான் நின்றது. அவள் குழம்பிப் போனாள். கணிதம் படிப்பித்த ரதீஸ் சேர் வீட்டுக்குத் தைத்த உடுப்புக் கொடுக்கப் போன மார்கிறட், அவரிடமே இதைக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

"ஆரக்கா இப்பிடிச் சொன்ன? மேல இருந்துதான் பாத்துக்கு வருவாங்க. மொறட்டுவ கிடைக்காட்டி அடுத்ததுக்கு வரும், ஒண்டும் குறையாது. ஒலுவில மேல போட்டா, அது கிடைச்சதோட கதை முடிஞ்சுது. பிள்ளைக்கு விருப்பமானத முதல்ல போடச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்த மார்கிறட், "சேரும் அப்பிடித்தான் சொல்றார் மனே. ஒலுவில மேல போடு" என்றாள். ஒரு பொய் இவ்வளவு லேசாக வாயில் வரும் என்று அவளுக்கே தெரியாது. ஜூலி ஒன்றும் கேட்காமல் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து மார்கிறட்டுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் தூரப் போய்விடுவாளோ என்ற பயத்தின் மேல், மகளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் ஏறி உட்கார்ந்தது. கோயிலில் மாதாவை நிமிர்ந்து பார்க்கப் பயம். தெருவில் சேரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். வலையும் வாவியுமாகக் கிடக்கும் புருஷன் ஜெயராஜாவிடமும் வாய் திறக்கவில்லை.

விண்ணப்பத்தின் கடைசி நாளும் வந்தது. பின்னேரம் ஜூலி இரவல் வாங்கிய லெப்டொப்பை மேசையில் வைத்துத் தெரிவுகளை நிரப்பினாள். ஒலுவில் மேலே நின்றது, மொறட்டுவை அதற்குக் கீழே நின்றது. இனி அனுப்பவேண்டியதுதான். அனுப்பிவிட்டால் மாற்ற முடியாது. அவள் விரல் பொத்தானுக்குப் போனதைக் கண்ட மார்கிறட், துணியை ஊசியோடு விட்டுவிட்டு எழும்பினாள்.

"அனுப்பாத மனே! நான் பொய் சொன்னன். சேர் அப்பிடிச் சொல்லல்ல. மொறட்டுவய மேல போட்டா ஒரு நட்டமும் இல்லயாம். எனக்குப் பயம் மனே, அதுதான்…"

இடி விழப்போகிறது என்று நின்றாள். ஜூலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"தெரியும்மா. மறுநாளே நான் சேருக்குக் கோல் எடுத்துக் கேட்டுட்டன்."

"பிறகேன் மாத்தாம இருக்காய்?"

"எனக்கும் பயம்மா. பஸ்ஸ நினைச்சாலே நெஞ்சு இடிக்குது. நான் மாமாவக் கண்டதே இல்ல. ஆனா கண்ண மூடினா, நான்தான் அந்தப் பஸ்ஸில இருக்கன். என்னத்தான் இறங்கச் சொல்றாங்க."

மார்கிறட் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். யாரோ வந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று இத்தனை வருஷமும் வாசலைக் காத்தவள் அவள். பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தது தான்தான் என்று இப்போது விளங்கியபோது, அண்ணன் வராமற்போன அன்று பயந்ததைவிடக் கூடப் பயந்தாள். பிறகு மேசையைப் பிடித்து எழும்பினாள்.

"எதக் கொண்டு போய் எங்க வைக்கணும்? காட்டு."

ஜூலி காட்டினாள். மார்கிறட்டின் கை தவறி, முதல் தரம் பேராதனைதான் மேலே போனது. மறுபடி முயன்று மொறட்டுவையை உச்சியில் வைத்தாள்.

"கிடைச்சா உன்னோட நானும் பஸ் ஏறுவன். கம்பஸ் வாசல்வரைக்கும் வருவன்."

பொலன்னறுவையைத் தாண்டி ஒரு நாளும் போகாத தாயை ஜூலி திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களாம்மா?"

ஓம் என்றாள் மார்கிறட். தனக்கே சொல்வதுபோல், "ஓம்" என்று இன்னொரு தரம் சொன்னாள். ஜூலி ஒரு கையால் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். இரண்டு கைகளும் சில்லென்று குளிர்ந்திருந்தன.