முதுகுக்குப் பின்னால் மலை

முப்பத்திரண்டு வயதில் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். முத்துப்பிரியாவுக்கே சில நாள் வரும். ஆனால் குரூப் நாலு பரீட்சை எழுதுகிறவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் நூலிழையில் நழுவவிட்டவள் அவள். மூன்றாவது தடவைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் படிப்புக்கு.

வீட்டில் அதிகமாகச் சிரித்தவர் மாமனார் தவசி. "எம் பேத்தி ரெண்டு வருசங் கழிச்சுப் படிக்கப்போற புத்தகத்த எம் மருமக இப்பவே படிச்சு முடிச்சிருச்சு" என்று ராசிங்காபுரத்து டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவார். மனதில் விஷம் கிடையாது, வாய்தான் சும்மா இருக்காது. அதிலும் புவியியல் பாடம் என்றால் அவருக்குக் கூடுதல் இளக்காரம்.

"திசையக்கூடவா புத்தகத்துல பாத்துப் படிக்கணும்? மலை எங்க இருக்கோ அது மேக்க. மலைய முதுகுக்குப் பின்னாடி விட்டு நின்னா மூஞ்சி கெழக்கப் பாக்கும். சோலி முடிஞ்சுச்சு."

ராசிங்காபுரத்தில் நின்று சொல்கிறவரைக்கும் இதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கிணற்றுக்கு வழி சொன்னாலும், செங்கல் சுடும் காளவாசலுக்கு இடம் பார்த்தாலும், அந்த ஊரில் மலையை வைத்துத்தான் பேச்சு. சூரியன் தினமும் அந்த மலைக்குள்தான் போய் விழுகிறது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? முத்துப்பிரியாவுக்கும் அந்தப் பழக்கம் ரத்தத்தில் இருந்தது. போன மாதம் மாதிரித் தேர்வில் ஒரு வரைபடம் கொடுத்திருந்தார்கள். கடற்கரை ஊர், பக்கத்தில் மலை, மலை எந்தத் திசை என்று கேள்வி. மலையைக் கண்டதும் கை தானாக மேற்கு என்று குறித்துவிட்டது. பதில் கிழக்கு. வடக்கு காட்டும் அம்புக்குறி ஓரத்திலேயே இருந்திருக்கிறது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. அந்த ஒரு மார்க்குக்காக அவள் அன்று ராத்திரி சோறு தின்னாமல் படுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தவசி ஜீப்பு பிடித்து மலைக்குப் போயிருந்தார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு ஏலத் தோட்டத்தில் அவருடைய தங்கை மகன் தங்கபாண்டி கங்காணியாக இருந்தான். முத்துப்பிரியாவின் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். பத்திரிகை கொடுக்க அவரே நேரில் போனால்தான் மரியாதை. முத்துப்பிரியாவின் புருஷன் பிரபு லோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டான். மகள் முத்துப்பிரியாவின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவளும் மாமியார் மாயக்காளும்தான்.

மத்தியானம் இரண்டரை மணிக்குத் தங்கபாண்டி போன் செய்தான்.

"தங்கச்சி, மாமா அங்க வந்துட்டாரா?"

சாயங்காலம் நாலு மணி ஜீப்பில் வரவேண்டியவர் இரண்டரைக்கு எப்படி வருவார்? விசாரித்தால் விஷயம் வெளியே வந்தது. கறிச்சோறு சாப்பிட்டவருக்கு ஜீப்புக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வாலிபத்தில் நடந்த, கழுதைகளில் சுமை ஏற்றிப் போடிக்கு இறங்கும் பழைய கழுதைப் பாதை ஞாபகம் வந்துவிட்டது. தங்கபாண்டி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கம் போன நேரம் பார்த்து, "வெரசா எறங்கிர்றேன்" என்று அவன் பெண்சாதியிடம் மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். அறுபத்து நாலு வயசு, சர்க்கரை வேறு. அவர் போன கால் மணி நேரத்தில் கண்ணைக் கட்டினாற்போல மூடுபனி இறங்கியிருக்கிறது. கழுதைப் பாதையில் ஒரு மைல் தூரம் இறங்கிப் பார்த்தும் ஆளைக் காணோம்.

மாயக்காளுக்கு இது போதும். "காலு சறுக்கி எந்தக் கெடங்குல கெடக்காரோ" என்று ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றே கால் மணிக்கு மறுபடி போன் அடித்தது. தவசியின் பட்டன் போன்.

"ஏத்தா, நாந்தே. யாரும் பயப்புடாதீக. மூடுபனியில பாதை தப்பிப்போச்சு. இப்ப வெலகிருச்சு. மலை நல்லாத் தெரியுது. அத முதுகுல விட்டுட்டு ஓடை ஓரமாவே எறங்கி வர்றேன். ஆறு மணிக்குள்ள வீட்டுல இருப்பேன்."

மாயக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீரபாண்டி மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டாள். முத்துப்பிரியாவுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. சரி மாமா என்று வைக்கப்போனவளை அவருடைய அடுத்த பேச்சு நிறுத்தியது.

"தலைக்குத் துண்டப் போட்டுக்கிட்டு நடக்குறேன். வெயிலு நேரா மூஞ்சியிலயே அடிக்குது, கண்ணு கூசுது."

அவள் முற்றத்தைப் பார்த்தாள். மூன்றே கால் மணி வெயில் மலைப் பக்கமாகச் சாய்ந்து, முருங்கை மரத்தின் நிழலைக் கிழக்கே தெருவரைக்கும் நீட்டியிருந்தது. மலையிலிருந்து போடியைப் பார்த்து இறங்குகிற மனுசனுக்கு இந்த நேரத்தில் வெயில் முதுகில் அடிக்க வேண்டும். முகத்தில் எப்படி அடிக்கும்?

"மாமா, வைக்காதீக. எவ்வளவு நேரமா எறங்குறீக?"

"ஒண்ணரை மணி நேரம் இருக்கும்."

"சுத்தி என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், ஏலந்தே. பெரிய பெரிய மரம். ஏன்த்தா கேக்குற? குளுரு வேற."

இந்தப் பக்கச் சரிவில் ஒன்றரை மணி நேரம் இறங்கினால் காது அடைக்கும், சட்டை வியர்வையில் நனையும், ஏலம் தீர்ந்து காய்ந்த புல்லும் பாறையும் வந்துவிடும். கடலிலிருந்து வரும் மழை முக்கால்வாசி அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மலைக்கு மறைவில் இருக்கிற நமக்கு மிச்சம்தான் என்று காலையில்தான் படித்திருந்தாள். அவர் இன்னும் மழைப் பக்கத்திலேயே இருக்கிறார். அந்தப் பக்கம் சரிவு மெல்ல மெல்லத்தான் இறங்கும். எவ்வளவு நடந்தாலும் குளிர் விடாது.

"மாமா, அப்படியே நில்லுங்க. நீங்க ஊரைப் பாத்து வரல. மலைக்கு அந்தப் பக்கம் எறங்கிக்கிட்டு இருக்கீக."

"மலை என் முதுகுலல்ல இருக்கு."

"அந்தப் பக்கம் போயிட்டா மலைதான் மாமா கெழக்கு."

அவர் கோபமில்லாமல், உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "மலை எப்புடித்தா கெழக்க வரும்?"

"சாயங்கால வெயிலு எங்கிட்டிருந்து அடிக்கும், சொல்லுங்க. மேக்க இருந்துதான? அது ஒங்க மூஞ்சியில அடிச்சா நீங்க மேக்க நடக்குறீகன்னு அர்த்தம். ஓடையோட எறங்காதீக மாமா. திரும்பி மலையப் பாத்து ஏறுங்க. மாமா? கேக்குதா?"

கேட்கவில்லை. டவர் போய்விட்டது. தான் சொன்னதில் எதுவரைக்கும் அவர் காதில் விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டால் மலையாளத்தில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். அந்தப் பக்கத்து டவர்தான் அது என்று முத்துப்பிரியாவுக்கு இன்னும் உறுதியானது. பயமும் கூடியது.

தங்கபாண்டியைப் பிடித்தாள். அவன் ஆறு ஆட்களோடு கழுதைப் பாதையில் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அங்க தேடாதீக. மேல ஏறி அந்தப் பக்கம் போங்க. ஒரு ஓடை ஓரமா எறங்குறாராம்."

"ஊருக்குப் போற ஆளு அங்கிட்டு எதுக்கு தங்கச்சி போகப்போறாரு? இங்கிட்டு இன்னும் ரெண்டு கெடங்கு பாக்கணும். விட்டுட்டுப் போயி, அவரு இங்க கெடந்தா?"

அந்தக் கேள்விதான் அவளையும் அரித்தது. வெயிலைச் சொன்னாள், குளிரைச் சொன்னாள், ஏலத்தைச் சொன்னாள். தங்கபாண்டி மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு குரல் மாறிப்போய்ச் சொன்னான். "அந்த ஓடை கீழ சதுப்புல போயி விழும். காலைல அங்க ஆனை நின்னுச்சு. நான் ஜீப்ப எடுத்துட்டுப் போறேன்."

ஆனை என்ற வார்த்தையை மாயக்காளுக்குச் சொல்லாமல் முத்துப்பிரியா விழுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. மிச்சமிருந்த காதுகுத்துப் பத்திரிகை ஒன்றைத் திருப்பி, நடுவில் மலைக்கு ஒரு கோடு போட்டாள். இந்தப் பக்கம் ராசிங்காபுரம். அந்தப் பக்கம் ஒரு புள்ளி, அது மாமா. இடது ஓரத்தில் சூரியன். ஓரத்தில் மறக்காமல் வடக்கு அம்புக்குறி. நாலு தடவை சரிபார்த்தாள். நாலு தடவையும் சரியாகத்தான் வந்தது. ஆனால் மாதிரித் தேர்விலும் எழுதும்போது சரியாகத்தானே தெரிந்தது. தப்பென்றால் அன்றைக்குப் போனது ஒரு மார்க்கு. இன்றைக்குத் தப்பென்றால், இறங்கி வருகிற மனுசனை மலைக்குள் திருப்பி அனுப்பி, தேடுகிறவர்களையும் அவள்தான் விலக்கிவிட்டாள்.

"நீ சொன்னது சரிதானத்தா?" என்று மாயக்காள் கேட்டாள். வம்புக்குக் கேட்கவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று கேட்டாள்.

"சரிதான் அத்தை" என்றாள் முத்துப்பிரியா. சொல்லிவிட்டு ஐந்தாவது தடவை சரிபார்த்தாள்.

நாலு மணி ஆனது. நாலரை ஆனது. ஐந்தேகாலுக்கு வழக்கம்போல சூரியன் மலைக்குள் விழுந்து, முற்றம் ஒரே நொடியில் மங்கியது. மாயக்காள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பொழுது போயிருச்சே. இருட்டுல அந்த மனுசன் என்ன செய்வாரு."

"நமக்குத்தான் அத்தை போயிருக்கு. மலை மறைக்குது. அந்தப் பக்கம் மறைக்க ஒண்ணுமில்ல. அவருக்கு இன்னும் முக்கா மணி நேரம் வெளிச்சம் இருக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. அன்றைக்கு முதல்முறையாக ஒரு பாடம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. தங்கபாண்டியின் நம்பர்தான். பின்னால் ஜீப்பு உறுமுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், அப்புறம் தவசியின் தொண்டைச் செருமல்.

"ஏத்தா." "இங்க இன்னும் வெயிலு இருக்குத்தா."

முத்துப்பிரியா சிரித்தாள். சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்து இரண்டும் கலந்துபோயின. போனை மாமியார் கையில் திணித்துவிட்டுப் போய் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். வெளியே வந்து, இருட்டிக்கொண்டிருந்த அந்த மலையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான். அன்றைக்கு அதன்மேல் அவளுக்குப் பிரியம் பொங்கியது.

ஏழரை மணிக்கு ஜீப்பு வாசலில் வந்து நின்றது. முழங்காலில் சிராய்ப்பு, வேட்டியெல்லாம் சேறு, காலில் ஒரு அட்டை கடித்த ரத்தம். வேறு சேதாரம் இல்லை. தங்கபாண்டி வளைவுக்கு வளைவு ஆரன் அடித்துக்கொண்டே போனானாம். ஓடைக்கு மேலே ஒரு வளைவில் இவர் கையை ஆட்டிக்கொண்டு நின்றாராம். அங்கிருந்து பார்த்தால் கீழே சதுப்பில் இரண்டு ஆனையும் ஒரு குட்டியும் நின்றனவாம். மாயக்காளுக்கு அப்போதுதான் ஆனை விஷயம் தெரிந்தது. புருஷனை உச்சந்தலையிலிருந்து கால்வரை திட்டித் தீர்த்துவிட்டுச் சுடுதண்ணீர் வைக்கப் போனாள்.

தவசி சூடாக ரெண்டு வாய் கஞ்சி குடித்த பிறகு முத்துப்பிரியா கேட்டாள். "நான் சொன்னது முழுசும் கேட்டுச்சா மாமா?"

"மலையப் பாத்து ஏறுங்கன்னது வரைக்கும் கேட்டுச்சு."

"சொன்னதும் திரும்பிட்டீகளா?"

"ஏன் திரும்புறேன். கிறுக்குப் புள்ள, புத்தகத்தப் படிச்சுட்டு ஒளறுதுன்னு ரெண்டு எட்டுக் கீழதான் வச்சேன்." கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பறம் துண்டு விழுந்துருச்சுன்னு திரும்பிக் குனிஞ்சேன். எம் நெழலு மலையப் பாத்து விழுந்து கெடக்குது. அம்பது வருசமா சாயங்காலம் காட்டுல நின்னவன்த்தா நானு. எம் நெழலு வீட்டப் பாத்துத்தான் விழும், அதப் பாத்துக்கிட்டே வீட்டுக்கு வந்துருவேன். மலையப் பாத்து விழுந்து நான் கண்டதே இல்ல. உசுரே நடுங்கிப்போச்சு. நீ சொன்னது அப்பத்தான் வெளங்குச்சு."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவரே மறுபடி கேட்டார்.

"அந்தப் பக்கத்துலயே பொறந்து வளந்தவன் இருப்பான்ல, அவன் மலைய எந்தத் தெசைன்னு சொல்லுவான்?"

"கெழக்குன்னு சொல்லுவான் மாமா. சூரியன் மலையிலருந்துதான் உதிக்கும்னு சொல்லுவான்."

"அவஞ் சொல்றதும் சரிதானா?"

"சரிதான் மாமா."

அந்தப் பக்கத்துக்காரனோடு மனசுக்குள்ளே ஒரு வழக்கை நடத்தி, முழு மனசில்லாமல் தோற்றுக்கொடுத்தவர் மாதிரி தவசி பெருமூச்சு விட்டார். பிறகு ஜன்னல் மேல் கிடந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, கஞ்சிக் கை படாமல் துண்டால் பிடித்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"பரீச்சை எந்த ஊர்ல போட்டிருக்கான்?"

"பெரியகுளத்துல மாமா."

"பிரபுக்கு லோடு இருந்தா இருந்துட்டுப் போறான். நாங் கூட்டிட்டுப் போறேன்" என்றார் தவசி. எழுந்து கை கழுவப் போனவர் வாசலில் நின்று சொன்னார். "வழிய மட்டும் நீ சொல்லிரு."