டபுள்ஸுக்கு முப்பத்திரண்டு

லிஃப்ட்காரர் மூன்றாவது டயரையும் நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனார்.

"சார், அது டயரு. பழுத்திருக்கான்னு மோந்தெல்லாம் பாக்க முடியாது" என்றான் காத்து.

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் தைத்துக்கொண்டிருந்தேன். அதாவது, மெஷினை நிறுத்திவிட்டு நூல் கோக்கிற பாவனையில் உட்கார்ந்திருந்தேன். ஒரே கடையை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, ஒரு பாதியை எனக்கும் மறு பாதியை டயர் கடைக்கும் விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஊசி நழுவும். டயர் கடைக்காரனைத் தெருவே காத்து என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பேர் அவனுக்கே மறந்திருக்கும். "டெய்லரக்கா மெஷின் சத்தம் நின்னுச்சுன்னா காது தொறந்துருச்சுன்னு அர்த்தம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். பொய்யில்லை. ஆனாலும் அவன் சொல்லக்கூடாது. எனக்குத் தெரிந்த பாதி விஷயம் அவன் வாயிலிருந்து வந்ததுதான்.

"இதுல எது சீக்கிரம் தேயும்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

காத்து தலையைத் தூக்கிப் பார்த்தான். எது நிறைய நாள் ஓடும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். "இது சார். ரப்பர் மெத்துனு இருக்கும், ஈரத்துல ரோட்டைக் கவ்விப் புடிக்கும். ஆனா வருஷக்கணக்குல வராது. இந்தக் கெட்டி ரப்பர் எடுத்தீங்கன்னா உங்க பேரன் ஓட்டலாம்."

"மெத்துனு இருக்கறதையே போடு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இதே மனிதர் இதே இடத்தில் நின்று, "இன்னும் நல்லா ஓடும், அவசரம் என்ன" என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். அப்போது அவர் மனைவி பக்கத்தில் நின்று, பின் டயரைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "இது டயரா, எங்க மேனேஜர் மண்டையா?" என்றாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். மற்றவர்களுக்குத் தெரியாததைத் தெரியவைப்பதே அவள் பிழைப்பு. கட்டின புருஷனிடம் மட்டும் பலிக்கவில்லை.

இத்தனைக்கும் அவர் வேலை, உயரமான கட்டடங்களில் லிஃப்டைப் பரிசோதிப்பது. இரும்புக் கயிற்றில் ஓர் இழை பிரிந்திருந்தால்கூட லிஃப்டை நிறுத்தி, 'பழுது' என்று அட்டை மாட்டிவிடுவாராம். எட்டாவது மாடிக்காரர் மூட்டுவலியோடு வந்து கெஞ்சினாலும் மசியமாட்டாராம். ஊரார் தொங்குகிற கயிற்றுக்கு அவ்வளவு கண்டிப்பு. சொந்தப் பெண்டாட்டி உட்கார்ந்த டயரில் ஒரு கோடுகூட மிச்சமில்லை.

முதல் மழையிலேயே விழுந்தார்கள். தண்ணீர்த் தொட்டி பக்கத்து வளைவில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு இடது முழங்கால் சிப்பி மூன்று துண்டு. ஆபரேஷன் செய்து கம்பி வைத்துக் கட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தெருவில் கேட்டவர்களிடம் இவர் "ரெஸ்ட்டு" என்றார். தெருவும் தலையாட்டியது.

ரெஸ்ட் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். காலுக்குப் போட்டிருந்த பட்டை பேன்ட்டுக்குள் நுழையவில்லை என்று, இடது காலைப் பிரித்துத் தைத்துக்கொள்ள அவள் ஒருநாள் காரில் வந்திருந்தாள். நான் கீழே உட்கார்ந்து குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். அவள் என் தலைக்கு மேலே பேசினாள்.

"விழுந்ததுகூட ஒண்ணுமில்லக்கா. யாரும் விழலாம். விழுந்து கெடக்கேன், கண்ணைத் தொறந்து பாக்கறேன். அவரு வண்டியத் தூக்கிட்டு இருக்காரு."

"பின்னாடி பஸ் கிஸ் வந்திருக்கும்மா."

"வந்துச்சு. வண்டி நடு ரோட்ல கெடந்துச்சு, நான் ஓரமாத்தான் கெடந்தேன். எல்லாமே சரிதான்க்கா. தூக்கினாரு. தள்ளிட்டுப் போயி ஸ்டாண்டு போட்டாரு. சாவிய எடுத்துப் பாக்கெட்ல போட்டாரு. அப்புறம்தான் திரும்பிப் பாத்தாரு."

குண்டூசி என் விரலில் ஏறியது. 

என் வாயில் எதுவும் ஒரு ராத்திரி தங்காது என்பது ஊரறிந்த விஷயம். இது தங்கியது. சொன்னால் யாரும் சிரிக்கப்போவதில்லை, அதனாலாக இருக்கும். காத்துவிடம்கூடச் சொல்லவில்லை. அவன் டயரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான். லிஃப்ட்காரரும் டயரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார், அல்லது அப்படித்தான் நான் நினைத்தேன். அதனால்தான் இந்த மோந்து பார்க்கிற வைபவமெல்லாம். கழற்றிய மொட்டை டயரைக் காத்து வீணாக்கவில்லை. நடுவில் ஒரு கம்பை நட்டு, 'பஞ்சர்' என்று அட்டை மாட்டி ரோட்டோரம் வைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். சட்டை இஸ்திரி போட்டிருக்கும். காத்து எல்லோரிடமும் கேட்பதுபோல, தலையைத் தூக்காமலே கேட்பான்.

"சிங்கிளா, டபுள்ஸா?"

"டபுள்ஸ்."

ஒருவர் போனால் பின்சக்கரத்துக்குக் காற்று இருபத்தெட்டு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் முப்பத்திரண்டு. காத்து அடித்து முடித்ததும் இவர் பாக்கெட்டிலிருந்து சொந்த மீட்டரை எடுத்துச் சரிபார்ப்பார். முப்பத்துமூன்று காட்டினால் ஒரு சொட்டு இறக்குவார். "பாத்து சார், கடத்தல் தங்கம் மாதிரி நிறுக்கறீங்க" என்பான் காத்து. இவர் சிரிக்கமாட்டார். மூடியைத் திருகிவிட்டு, பின்சீட்டின் இடது கால்மிதியை ஒருமுறை மிதித்துப் பார்ப்பார். அது கடையில் வாங்கினது இல்லை. முழங்கால் முழுசாக மடங்காதவள் காலை நீட்டி வைத்துக்கொள்ளத் தோதாக, வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தது. ஒரு சாண் கீழே, ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மடக்க முடியாது. வண்டிக்கு ஒரு பக்கம் மட்டும் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும்.

மனைவியைக் கூட்டிவர அவள் அக்கா வீட்டுக்குப் போவார். மத்தியானம் திரும்பி வருவார். பின்சீட்டில் அவளுக்கென்று வாங்கிய ஹெல்மெட் மட்டும் வலைக்கயிற்றில் கட்டுண்டு உட்கார்ந்திருக்கும்.

"என்ன சார், மேடம் வரலியா?"

"வலி இன்னும் இருக்காம். அடுத்த வாரம்."

நாலைந்து வாரம் கேட்டுவிட்டு, கேட்பதை நிறுத்திவிட்டான் காத்து. அவனுக்கும் எங்கேயோ கொஞ்சம் இங்கிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் அவனுக்குப் பொறுக்கவில்லை. தனியாகத் திரும்பி வந்தவர் காற்றை இறக்கவேண்டுமா இல்லையா? வாரம் முழுக்க ஒற்றை ஆளாக வேலைக்குப் போகிறவருக்கு முப்பத்திரண்டு எதற்கு? கல் மாதிரி டயர். கடை எதிரிலிருக்கிற ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் பின்பக்கம் துள்ளி, வண்டிப் பெட்டிக்குள்ளிருக்கிற ஸ்பானரெல்லாம் கத்தும். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்று தெரு தெரிந்துகொண்டது.

காற்றை இறக்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை கடைக்கு வந்து, காத்து "சிங்கிளா, டபுள்ஸா" என்று கேட்கும்போது, பலகைக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது தெரிந்தும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதற்குத் துள்ளிக்கொண்டே போவது மேல் என்று நினைத்திருப்பார். வீட்டில் தானே இறக்கிக்கொள்ளலாமே, மீட்டர்தான் இருக்கிறதே என்பீர்கள். நானும் அப்படித்தான் யோசித்தேன். யாருக்கும் தெரியாமல் இறக்குவது இன்னும் கஷ்டம்போல.

ஒருநாள் காத்து அவரை நிறுத்தி, பின்சக்கரத்தின் முன் உட்காரவைத்துவிட்டான்.

"நீங்களே பாருங்க சார். ரெண்டு ஓரத்துலயும் புது டயரோட ரப்பர் முடிகூட இன்னும் உதிரல. நடுவுல மட்டும் வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு. ரெண்டு பேருக்கு அடிச்சு ஒருத்தரா ஓட்டினா டயரு உச்சி மண்டையிலதான் ஓடும். ரோட்டைத் தொடற எடம் ரெண்டு விரல்கூட இல்ல. மழை வந்தா திரும்ப வழுக்கும்."

"ஞாயித்துக்கெழம எப்படியும் ஏத்தணுமே."

"அன்னிக்கு ஏத்திக்கலாம் சார். காத்து எங்க போயிடப் போகுது?"

அவர் இரண்டு விரலை நடுக்கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர் ஸ்பீடு பிரேக்கரில் ஸ்பானர்கள் கத்தின.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பி முனை திரும்பினார். என் டம்ளரில் டீ இன்னும் சூடாக இருந்தது. அந்த முனையிலிருந்தே ஒரு சின்ன லோடு வண்டி வந்து அவர் வீட்டுச் சந்தின் வாயில் நின்றது. அவர் மனைவியின் அக்கா புருஷன் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் அவள். இத்தனை நேரம் அடுத்த தெருவில் காத்திருந்திருக்க வேண்டும்.

என் கை வேலை ஓடவில்லை. அக்கா புருஷன் சந்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்: இரண்டு பெட்டி, ஒரு மடக்கு நாற்காலி, சுவரிலிருந்து கழற்றிய கண்ணாடி, துணியில் சுற்றிய மிக்ஸி. அதிகமில்லை. ஒரு குடித்தனத்தில் ஒருத்தியுடைய பங்கு இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். காத்து கம்ப்ரஸரை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அது உடம்பு சரியில்லாததற்குச் சமம்.

அவள் இடது காலை இழுத்து இழுத்து என் கடைக்கு வந்தாள். வழியில் கம்பு நட்ட டயரின் முன்னால் நின்றாள்.

"இது எங்களோடதா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு வாசலில் சாய்ந்துகொண்டாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமம் என்றாள்.

"அவரு உங்க அக்கா வீட்டுக்குத்தானேம்மா போயிட்டு இருக்காரு?"

"தெரியும்க்கா. அதான் இப்ப வந்தேன்."

"புது டயர் மாத்தியிருக்காரு. உன் காலுக்குன்னு சொல்லி அந்த மிதியும்…"

"பாத்தேன். ஒவ்வொரு வாரமும் வாசல்ல நிறுத்தினதும் டயரைத்தான் மொதல்ல காட்டுவாரு. 'பாரு, எவ்ளோ பள்ளம் இருக்கு பாரு'ம்பாரு. அப்புறம் கால் எப்படி இருக்குன்னு கேப்பாரு." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "நல்ல மனுஷன்தான்க்கா. கெட்டவரா இருந்திருந்தா சண்டை போட்டுட்டு இருந்திருப்பேன்."

வீட்டுச் சாவியை என் மெஷின் பலகைமேல் வைத்தாள். "இதைக் குடுத்துடுங்க."

"நீயே ஒரு வார்த்தை…"

"நீங்க இருக்கீங்களே. தெருவுக்கே சொல்றீங்க, அவருக்குச் சொல்லமாட்டீங்களா?"

கேலிதான். ஆனால் என்னால் சிரிக்க முடியவில்லை. அக்கா புருஷன் அவளைத் தோளில் தாங்கி முன்சீட்டில் ஏற்றினார். மிக்ஸியை யாரும் கட்டவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் அது ஒரு தடவை புரண்டது.

அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். அங்கே வீடு பூட்டியிருந்திருக்கும். நேராகச் சந்துக்குள் போகாமல் எங்கள் கடை முன்னால் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். என் முகத்தைப் பார்த்தாரா, காத்துவின் முகத்தைப் பார்த்தாரா தெரியவில்லை. நான் சாவியை நீட்டினேன். உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை.

"தம்பி, விஷயம் டயர்ல இல்ல. அன்னிக்கு நீங்க மொதல்ல வண்டியத் தூக்குனீங்களாம்."

காத்து திரும்பி என்னைப் பார்த்தான். இது அவனுக்குப் புதுச் செய்தி. லிஃப்ட்காரர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்க்கா. ஸ்டாண்டு போடறப்பவே தெரியும். பாத்துட்டே இருந்தா."

யாரும் கேட்காமலே சொன்னார்: "அதை எப்படி மாத்தறது? டயர் ஒண்ணுதான் மாத்தற மாதிரி இருந்துச்சு."

  காத்து மெதுவாக வந்து பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினான்.

"சார், சிங்கிளுக்கு எறக்கிடறேன்."

கேள்வியாகக் கேட்கவில்லை. அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. காத்து மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தான், எடுத்தான், வால்வு ஊசியை நகத்தால் அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. திரும்ப மீட்டர். முப்பத்தொன்று. திரும்பச் சீறல். முப்பது. இன்னொரு தடவை அவன் நகத்தைக் கொண்டுபோனபோது அவர் குனிந்து அவன் கைமேல் கையை வைத்தார்.

"போதும்."

"முப்பது எந்தக் கணக்குலயும் வராது சார்."

"போதும்பா."

மூடியை அவரே திருகினார். ஏறி ஓட்டவில்லை, வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். அந்தச் சந்து ஒரு வண்டியும் ஓர் ஆளும் போகிற அகலம்தான். அவர் வலப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டு போக, இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கால்மிதி சுவரில் உரசிக்கொண்டே போனது. வெள்ளையடித்த சுவரில் முழங்காலுக்குக் கீழே, ஏற்கெனவே அதே உயரத்தில் நிறையக் கோடுகள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, வாசல்வரைக்கும். இரும்பு சுவரைக் கீறுகிற சத்தம் நின்றபிறகும், பூட்டுத் திறக்கிற சத்தம் வரவில்லை. நான் மெஷினை ஓட்டாமல் காத்திருந்தேன்.