கம்பளிக்குள் மாப்பிள்ளை

ஒக்கலிபுரத்து வீட்டுக்கு யசோதாவைப் பெண் பார்க்க வந்த இரண்டு பேரும் காபியோடு திரும்பிப் போனார்கள். காரணம், அவள் அப்பா சின்னப்பாவின் ஒரே கேள்வி. கோலார் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் பாறை உடைத்தவர். பௌர்ணமி தவறாமல் புத்த விஹாரத்துக்குப் போகிறவர்.

“உலகத்துல மாறாதது எது?”

முதல் மாப்பிள்ளை, “கடவுள்” என்றான். அடுத்தவன் யசோதாவை ஓரக்கண்ணால் பார்த்து, “என் அன்பு” என்றான். அவனுக்குக் காபியில் பாதிதான் உள்ளே போனது.

மூன்றாவதாக வந்த ஜெயராமனை மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் டைப்பிஸ்டாக இருக்கும் கல்லூரியில் அவன் பௌதிக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தான். “‘எதுவுமே இல்லை’ன்னு சொல்லிடுங்க, போதும்” என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

கேள்வி வந்தது.

“தெரியலீங்க ஐயா. நான் பார்த்ததைத்தான் சொல்லுவேன்” என்றான் அந்த மகானுபாவன். “வேணும்னா காட்டறேன். இருட்டு இருக்கா?”

பகல் மூன்று மணிக்கு இருட்டுக்கு எங்கே போவது? அம்மா வள்ளியம்மா கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்தாள். ரேடியம் முள் வைத்த தன் கைக்கடிகாரமும் பையிலிருந்த பூதக்கண்ணாடியுமாக ஜெயராமனும், கூடவே சின்னப்பாவும் உள்ளே நுழைந்தார்கள்.

“ஒண்ணும் தெரியலியே!” ஜெயராமனின் குரல் கம்மியது. யசோதா காபித் தட்டைப் பார்த்தாள். போச்சு, இவனும் காபியோடு சரி.

“பறக்காதே தம்பி. சுரங்கத்துல விளக்கு அணைஞ்சா அப்படியே உட்காந்துடணும். கண்ணு தானா திறக்கும்.”

பத்து நிமிஷம் கம்பளி அசையவில்லை. தட்டிலிருந்த காபியில் ஆடை படிந்தது.

“அடேயப்பா! பொறிப் பொறியா பறக்குதே!”

“ஒவ்வொரு பொறியும் ஒரு அணு உடையறது, ஐயா.”

“அடுத்து எது உடையும்?”

“அது யாராலயும் சொல்ல முடியாது.”

“எல்லாம் மாறும்னு புத்தர் சொன்னதும் இதானேப்பா?”

“அவர் மனசைப் பார்த்துச் சொன்னார். நாங்க அணுவைப் பார்க்கறோம். ரெண்டும் ஒண்ணுன்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாதுங்க.”

‘ஆமா’ன்னு சொல்லித் தொலைச்சா என்ன, என்று யசோதா பல்லைக் கடித்தாள்.

“நம்புன்னு அவரும் சொல்லலே. வந்து பாருன்னுதான் சொன்னார்” என்றார் சின்னப்பா மெல்ல. பிறகு கம்பளிக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்: “வள்ளி, காபி வேணாம். உலை வை. மாப்பிள்ளை சாப்பிட்டுத்தான் போவார்!”

“நைனா, முதல்ல அவரை வெளியே விடுங்க!” என்றாள் யசோதா.

“சும்மா இரு. இன்னும் ரெண்டு பொறி பார்த்துட்டு வரோம்.”