மணிக்கயிறு எட்டாத நடத்துநர்

பற்கள் தேய்ந்த அளவுக்கு எங்கள் பேருந்தின் நடத்துநர் உயரத்திலும் குறைந்துகொண்டே வந்தார். வேலையில் சேர்ந்தபோது மணிக்கயிற்றை நின்றபடியே இழுத்தவர், கல்யாணமான சில வருடங்களில் குதிகாலை உயர்த்தினார், பிறகு எம்பிக் குதித்தார். காரணம் நாங்கள்தான். உள்ளே இடம் காலியாகக் கிடந்தாலும் படியில் தொங்குவதைப் பிறப்புரிமையாகக் கருதும் ஜனங்கள் நாங்கள். அவர் உள்ளே வரச் சொன்னால் காது கேட்காதவர்கள் மாதிரி வெளியே பார்ப்போம். அவரோ யாரையும் கடிந்து பேசியதில்லை. பகலில் அடக்கிய கோபத்தையெல்லாம் தூக்கத்தில் நறநறவென்று அரைத்துத் தீர்த்தார். காலையில் தலையணையில் கிடக்கும் வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டு, "வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை திட்டுனாத்தான் என்னவாம்?" என்பாள் மனைவி. "நம்ம ஜனங்கதானே, விடு" என்பார். கால்சட்டையை மறுபடியும் மடித்துத் தைக்கவேண்டிய எரிச்சல் அவளுக்கு.

கடைத்தெரு மாடியில் இருந்த பல் மருத்துவருக்கு அந்தக் காலத்தில் ஒரே வைத்தியம்தான் தெரியும். தேய்ந்ததைப் பிடுங்கிவிட்டுப் பல்செட் கட்டுவார். இரண்டு கடைவாய்ப் பற்கள் போனதுமே நடத்துநரின் கால் நாற்காலியின் பாதப்பலகைக்கு எட்டவில்லை. மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். பல வருடம் கழித்து அதே மாடிக்கு வந்த மருத்துவரின் மகன் உறை மாட்டுவதில் கெட்டிக்காரர். ஆனால் உறை மாட்ட, இருக்கிற பல்லையும் சுற்றிலும் ராவவேண்டும். ராவிய வாரம் நடத்துநரைக் குழந்தை என்று நினைத்து ஒரு அம்மாள் மடியில் உட்காரச் சொன்னாள். உலோக உறைகள் ஏறியதும் கூரையில் தலை இடித்தது. இரண்டுக்கும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதையும் அவர் இரவில் அரைத்தார். உறைகளும் தேய்ந்து ஓட்டையாயின.

கடைசியில் பணிமனை மேலாளர் சொல்லிவிட்டார்: இந்த மாதத்துக்குள் கயிறு எட்டாவிட்டால் வண்டியில் ஏற வேண்டாம், சாமான் அறையில் உட்காரலாம். அந்த வண்டிதான் அவருக்கு உயிர். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு அழுதார்.

அப்போது மாடியில் இருந்தது அந்த மகனின் மகள். "இப்பல்லாம் ராவுறதில்ல மாமா, ஒட்டுறதுதான்" என்றாள். பல் நிறப் பசையைப் படலம் படலமாக வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கினாள். படலத்துக்கு ஒரு விரற்கடை அவர் வளர்ந்தார். ஜன்னல் திரைக் கம்பியைத் தொடச் சொல்லி அளவு பார்த்து நிறுத்தினாள். தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு பல் கவசமும் கொடுத்தாள்.

"ஆனா பகல்ல நீங்க முழுங்குறதுக்கு என்கிட்ட மருந்து இல்ல மாமா. வெளிய கொட்டலன்னா இதுவும் தேஞ்சிடும்."

மறுநாள் காலை படியில் தொங்கிய எங்களைப் பார்த்து அவர் வாயைத் திறந்தார். "உள்ள வாங்கய்யா! வயசு ஏறுதே, புத்தி ஏற வேணாம்?"

நியாயம் அவர் பக்கம் என்பதால் எதிர்த்துப் பேச எங்களுக்கு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனோம். தினமும் திட்டினார், தினமும் போனோம். அவர் ஒரு நூல்கூடக் குறையவில்லை, வேலையும் போகவில்லை.

இப்போது கடைத்தெரு மாடியில் உட்கார இடம் கிடைப்பதில்லை. எங்கள் வீடுகளில் கதவின் மேல்தாழ்ப்பாளைப் பெண்கள்தான் போடுகிறார்கள். இதை எழுதுகிறவருக்கு வியாழக்கிழமைதான் முறை வந்திருக்கிறது. அதுவரை பேருந்துப் படி எட்டாததால், நடத்துநரே அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே விடுகிறார்.