மூன்றாவது புகார்

பாட்டு டீச்சரின் இணையப் பாடச் சேனலுக்கு இரண்டாவது பதிப்புரிமைப் புகார் வந்திருந்தது. இன்னும் ஒன்று வந்தால் நான்கு வருடப் பாடங்களோடு சேனலே மூடப்படும். ஆசிரியர் அறையில் அடுத்த மேசைக்காரரான வயலின் மாஸ்டர்மேல்தான் டீச்சருக்குச் சந்தேகம்.

“நீங்கதானே மாஸ்டர் போட்டுக் குடுத்தது?”

“எனக்கு வேற வேலை இல்லையா டீச்சர்? அதுக்கு ஆளே வேண்டாம், மெஷினே கண்டுபிடிச்சிரும்.”

மாஸ்டர் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் கைரேகை போல ஓர் அடையாளம் உண்டு. புதிதாக ஏற்றும் வீடியோவில் அது தென்பட்டால் கணினி தானாகவே உரிமையாளருக்குச் சொல்லிவிடும். டீச்சர் பாடியது யாருக்கும் சொந்தமில்லாத மிகப் பழைய பாட்டு. பின்னால் ஓடிய வாத்திய இசைதான் ஒரு ஸ்டூடியோவின் பதிவு.

“அந்த டிராக்கைப் பென்டிரைவ்ல குடுத்ததே நீங்கதான்.”

“கிளாஸ்ல போடத்தான் குடுத்தேன். இன்டர்நெட்ல யாரு ஏத்தச் சொன்னா?”

டீச்சர் கைபேசியை எடுத்தார்.

“சரி, இப்ப நீங்களே வாசிங்க. ரெக்கார்ட் பண்ணிக்கறேன்.”

மாஸ்டர் சிரித்துக்கொண்டே வயலினை எடுத்தார். டீச்சர் ஒரு தாளை நீட்டினார்.

“முதல்ல இதுல எழுதுங்க. வாசிப்பு உங்களோடது, நான் ஏத்திக்கலாம்னு. மூணாவது புகார் உங்க பேர்ல வந்துறக் கூடாது பாருங்க.”