இருவாச்சி கொண்டுவந்த அத்திப்பழம்

பாளையங்கோட்டையில் ஒரு பழைய கல்லூரியின் அருங்காட்சியகத்தில் நூற்றைம்பது வருஷமாகச் செத்து நிற்கும் ஆண் இருவாச்சிப் பறவை, இந்தத் தை பிறந்ததிலிருந்து தினமும் காலையில் பொதிகை மலைக்குப் போய் அத்திப்பழத்தோடு திரும்பி வருகிறது. கண்ணாடிப் பெட்டியின் பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. அப்புறம் பரீட்சை வந்துவிட்டது.

மலையை ஆராய வந்த வெள்ளைக்காரக் குழு ஒன்று சுட்டுக் கொண்டுவந்த பறவை அது. இருவாச்சிப் பெட்டை முட்டையிட மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். விட்டுவைத்த கீறல் வழியாக ஆண்தான் இரை ஊட்ட வேண்டும். அலகில் பழத்தோடு வந்ததைத்தான் சுட்டார்கள். குடலை எடுத்து, வைக்கோல் திணித்து, பூச்சி அரிக்காமலிருக்கப் பாஷாணம் பூசினார்கள். பொந்துக்குள் இருந்தது என்னவாயிற்று என்று பாவிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அருங்காட்சியகத்தில் டிக்கெட் கொடுக்கும் இன்பமணியின் புருஷன் நேசையா கார்த்திகையில் தவறிப்போனார். அவள் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பிறகு சோறு இறங்கவில்லை. மகள் ஃபெபி கட்டிக்கொடுத்ததையெல்லாம் நாய்க்குப் போட்டாள். டிக்கெட் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, டிக்கெட் நீட்டும் சந்து மட்டும் திறந்திருக்க, உள்ளேயே கிடந்தாள். அந்தச் சந்து வழியாகத்தான் இருவாச்சி பழத்தை நீட்டியது.

"அது தொட்டதைத் தின்னுராதீங்கக்கா, உடம்பு பூரா விஷம்" என்றார் பேராசிரியர் ஹெப்ரான்.

"நான் எங்க சார் திங்கேன்."

பழங்கள் குப்பைக்குப் போயின. மாசியில் பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தவளுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"யம்மா, அப்பா போயாச்சு. நீயும் போவப்போறியா? சொல்லிரு" என்று ஃபெபி கத்தினாள். இன்பமணியின் காதில் விழுந்தது; மனசில் ஒன்றும் விழவில்லை.

பங்குனிக்குள் பறவையும் நைந்துபோனது. தையல் விட்டு, போகும் வழியெல்லாம் வைக்கோல் சிந்தியது. ஒருநாள் ஒற்றைச் சிறகோடு பறந்து வந்து, பழத்தை நீட்டி, தின்னாமல் நகர மாட்டேன் என்று நின்றது.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? நான் ஒம் பொண்டாட்டி இல்லலே. எதுக்கு எனக்காக இப்படி அலையுத?"

அது அசையவில்லை. இன்பமணி பழத்தைக் குழாயடியில் கழுவித் தின்றாள். துவர்த்தது. விஷம் ஒன்றும் செய்யவில்லை, பசித்தது. நேசையா போனபிறகு அதுதான் முதல் பசி. அவரை விட்டுவிட்டுச் சாப்பிடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அழுதுகொண்டே ஃபெபி கட்டிக்கொடுத்த சோறு முழுவதையும் தின்றாள்.

மறுநாள் இருவாச்சி இரண்டு பழம் கொண்டுவந்தது. இரண்டையும் வாங்கிவைத்துவிட்டு, அதற்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள்.